13-0 போதவில்லை என்றால் எது போதும்? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பிளேஆஃபில், அதாவது பட்டத்துக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களில், எந்தெந்த அணி ஆடும் என்று தரவரிசை போட்டு முடிவு செய்யும் தேர்வுக் குழுவின் 13 உறுப்பினர்களுக்கும், விதிகளைத் திருத்தும் அதிகாரம் கொண்ட நிர்வாகக் குழுவுக்கும் வணக்கம்.

தமிழில் எழுதிய மடல் டெக்சஸ் கிரேப்வைன் ஹோட்டலில் நீங்கள் உட்காரும் மேசைக்கு வந்து சேராது என்பது தெரியும். ஆனால் சனிக்கிழமைதோறும் இந்த ஆட்டத்தைத் தமிழில் திட்டிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கூடப் படிக்கட்டும் என்றுதான் மடலைத் திறந்தே வைக்கிறோம்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. உங்கள் விதிமுறையில் காயம் பற்றி ஒரு வரி இருக்கிறது. முக்கிய ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ இல்லாமல் போனது சீசனில் அந்த அணியின் ஆட்டத்தைப் பாதித்திருக்கலாம், அல்லது சீசனுக்குப் பிந்தைய ஆட்டத்தைப் பாதிக்கக்கூடும் என்றால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்பது அதன் சாரம். வரியின் முன்பாதி நடந்து முடிந்ததைப் பார்க்கிறது. பின்பாதி ஜோசியம் பார்க்கிறது. அந்தப் பின்பாதியை எடுத்துவிடுங்கள்.

எதற்கு என்று கேட்டால் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2023 சீசனைத்தான் எடுத்து வைக்க வேண்டும். 13 ஆட்டத்தையும் வென்ற அணியை, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் காயம்பட்டார் என்று நான்கு அணி பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தினீர்கள். பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். உறுப்பினர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறிவிடுவார்கள், விதி அப்படியே இருக்கும்.

செப்டம்பர் 3, ஒர்லாண்டோ. முதல் ஆட்டத்திலேயே எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 45-24 என்று அடித்தார்கள். செப்டம்பர் 23-இல் கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் 31-24. கிளெம்சனை ஃபுளோரிடா ஸ்டேட் வென்றது 2014-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அந்த ஆட்டத்தைத் திருப்பியது தாக்குதல் அணி இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 24-17 என்று பின்தங்கியிருந்தபோது தற்காப்பு வீரர் (லைன்பேக்கர்) கேலன் டிலோச் எதிரணிக் குவார்ட்டர்பேக்கின் கையிலிருந்து பந்தைத் தட்டி, தானே எடுத்து 56 யார்டு ஓடிப் புள்ளிகளைச் சமன் செய்தார். பிறகு கிளெம்சன் 29 யார்டிலிருந்து கம்பங்களுக்கு நடுவே போக வேண்டிய ஒரு உதையைத் தவறவிட்டது. சீசன் முழுக்க இப்படித்தான்: தாக்குதல் அணி தடுமாறிய நாளில் தற்காப்பு அணி தாங்கிப் பிடித்தது. பாஸ்டன் காலேஜில் 31-29 என்று தப்பித்ததும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை.

நவம்பர் 18, நார்த் அலபாமாவுடன் சொந்த மைதானத்தில் ஆட்டம். முதல் கால்பகுதியிலேயே குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் இடது கால் முறிந்தது, சீசன் அவருக்கு அங்கேயே முடிந்தது. 0-13 என்று பின்தங்கியிருந்த அணி மாற்று ஆட்டக்காரர் டேட் ரோடமேக்கரை வைத்துக்கொண்டு தொடர்ந்து 58 புள்ளி எடுத்தது. எதிரணி சிறியது, உண்மைதான். அடுத்த வாரம் கெய்ன்ஸ்வில்லில் ஃபுளோரிடாவுடன் 24-15. அன்றும் முதலில் 0-12 என்று விழுந்து எழுந்தார்கள். ஓட்டக்காரர் டிரே பென்சன் மூன்று டச்டவுன், அதாவது எதிரணியின் கடைசி எல்லைக்குள் மூன்று முறை பந்தைக் கொண்டுபோனார். அந்த ஆட்டத்தில் ரோடமேக்கருக்குத் தலையில் அடிபட்டது.

இப்போது உங்கள் குழு நவம்பர் 28, செவ்வாய்க்கிழமை வெளியிட்ட பட்டியலைப் பாருங்கள். 1 ஜார்ஜியா, 2 மிச்சிகன், 3 வாஷிங்டன், 4 ஃபுளோரிடா ஸ்டேட். ஏழாவது டெக்சஸ், எட்டாவது அலபாமா. டிராவிஸின் கால் முறிந்து பத்து நாள் ஆகிவிட்டது. அவர் திரும்ப வரமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தே நான்காம் இடம் கொடுத்தீர்கள்.

நான்கு நாள் கழித்து, டிசம்பர் 2, ஷார்லட் நகரில் கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) இறுதி ஆட்டம். பத்து வெற்றியோடு வந்த லூயிவில்லை 16-6 என்று வென்று 13-0 ஆனார்கள். மறுநாள் ஐந்தாம் இடம். டிராவிஸ் இல்லாத இந்த அணி முதல் பதினோரு வாரம் பார்த்த அணி இல்லை என்று உங்கள் குழுவின் அன்றைய தலைவர் விளக்கம் சொன்னார். பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் சாம்பியன், ஒரு தோல்வி கூட இல்லாமல், நான்கு அணி பிளேஆஃபுக்கு வெளியே நிறுத்தப்பட்டது அந்த முறையின் பத்து ஆண்டுகளில் அந்த ஒருமுறைதான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். அதே நாளில் அலபாமா, தொடர்ந்து 29 ஆட்டம் வென்றிருந்த ஜார்ஜியாவை 27-24 என்று வீழ்த்தியது. அலபாமாவை செப்டம்பரில் டஸ்கலூசாவிலேயே 34-24 என்று டெக்சஸ் வென்றிருந்தது. அதனால் அலபாமாவை உள்ளே கொண்டுவந்தால் டெக்சஸை அதற்கு மேலே வைத்தாக வேண்டும். மிச்சிகனும் வாஷிங்டனும் தோற்கவே இல்லை. மிஞ்சியது இரண்டு நாற்காலி, நிற்பது மூன்று பேர். அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நாற்காலி பற்றாதபோது கையில் எடுக்க வேண்டிய அளவுகோல்கள் உங்கள் விதிமுறையிலேயே எழுதியிருக்கின்றன: கான்ஃபரன்ஸ் பட்டம், எதிரணிகளின் தரம், நேருக்கு நேர் முடிவு, பொது எதிரிகளோடு ஆடிய முடிவு. டெக்சஸுக்கும் அலபாமாவுக்கும் நடுவே நேருக்கு நேர் முடிவை எடுத்துக்கொண்டீர்கள், சரி. அலபாமாவுக்கும் ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கும் நடுவே பொது எதிரி ஒருவர் இருந்தாரே, அவர் என்ன ஆனார்?

எல்எஸ்யூ. ஃபுளோரிடா ஸ்டேட் அவர்களைப் பொதுவான மைதானத்தில் 21 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. அலபாமா தன் சொந்த மைதானத்தில் 42-28, அதாவது 14 புள்ளி. அந்த ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் எல்எஸ்யூவின் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் அடிபட்டு வெளியேறிவிட்டார். ஒர்லாண்டோவில் அவர் ஆடிய அணியைத்தான் ஃபுளோரிடா ஸ்டேட் அடித்தது. அலபாமாவைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவர்களும் செப்டம்பரில் சவுத் ஃபுளோரிடாவோடு 17-3 என்று திணறினார்கள், நவம்பர் 25-இல் ஆபர்னிடம் நான்காவது டவுன் (கடைசி வாய்ப்பு), இன்னும் 31 யார்டு போக வேண்டும் என்ற இடத்தில் ஒரே ஒரு வீச்சில் உயிர் பிழைத்தார்கள். யாருடைய சீசனைக் கிளறினாலும் இப்படிச் சில கிடைக்கும். ஒருவருடைய திணறலை மன்னித்துவிட்டு இன்னொருவருடையதை எடை போட்டதுதான் பிழை.

அடுத்தது ஷார்லட் ஆட்டம். 'கண்ணால் பார்த்தோம், நன்றாக ஆடவில்லை' என்று உங்களில் பலர் முடிவுகட்டியது அங்கேதான். பார்த்ததை எப்படிப் படித்தீர்கள் என்பதில்தான் எங்களுக்குச் சந்தேகம்.

ரோடமேக்கர் தலைக்காயத்தால் வெளியே இருந்ததால் முதலாமாண்டு மாணவர் பிராக் கிளென் ஆடினார். 21 வீச்சில் 8 மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தன, மொத்தம் 55 யார்டு. எண்ணை மட்டும் பார்த்தால் பரிதாபம்தான். இந்த எண் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கல்லூரி அணியின் வாரம் இப்படிப் போகும். ஞாயிறு பழைய ஆட்டத்தின் வீடியோ, உடல் தேற்றம். செவ்வாயும் புதனும்தான் கனமான பயிற்சி. வியாழன் இலகு, வெள்ளி மெதுவாக நடந்தபடி ஒத்திகை, சனி ஆட்டம். கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், ஒரு நாள் கட்டாய ஓய்வு. இதற்குள் முதல் அணிக்கான பந்துகளில் பெரும்பங்கு முதல் குவார்ட்டர்பேக்குக்குப் போகும். மிச்சம் இரண்டாமவருக்கு. மூன்றாமவர் பெரும்பாலும் அடுத்த எதிரணியின் குவார்ட்டர்பேக் மாதிரி நடித்து, நம் தற்காப்பு அணியைத் தயார் செய்துகொண்டிருப்பார். கிளென் அந்த மூன்றாமவர். தன் அணியின் ஆட்டத்தைவிட எதிரணி ஆட்டங்களை அதிகம் பயின்றிருக்கும் இடம் அது.

ஆட்டத்துக்குள் ஒருமுறை பந்தை ஆடி முடித்து அடுத்த முறை தொடங்க 40 வினாடி. 2023-இல் கல்லூரி ஆட்டத்தில் தலைக்கவசத்துக்குள் ரேடியோ கிடையாது, அது அனுமதிக்கப்பட்டது 2024-இல். ஆக பக்கக்கோட்டில் நிற்பவர்கள் கையால் காட்டும் சைகையைப் படிக்க வேண்டும், அதைப் பத்துப் பேருக்குச் சொல்ல வேண்டும், எதிரே தற்காப்பு அணி எப்படி நிற்கிறது என்று எண்ண வேண்டும், யார் பாய்ந்து வருவார் என்று கணித்துத் தடுப்பை மாற்ற வேண்டும். டிராவிஸ் இதைப் பல ஆண்டு செய்தவர். ஒரு வாரம் மட்டும் பயின்றவரிடம் பயிற்சியாளர் ஆட்டப் பட்டியலைச் சுருக்கித்தான் கொடுப்பார்: எளிய வீச்சு, நிறைய ஓட்டம், சில நேரம் குவார்ட்டர்பேக்கே இல்லாமல் பந்தை நேராக ஓட்டக்காரர் கைக்கே போட்டுவிடுவது. அன்று ஓட்டக்காரர் லாரன்ஸ் டோஃபிலி ஒரே மூச்சில் ஓடிய 73 யார்டு ஆட்டத்தின் முதுகெலும்பாக ஆனது. ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான்.

மறுபக்கம் லூயிவில்லுக்கு மொத்தமே 188 யார்டுதான் கிடைத்தது. எதிரணி நகரவே முடியாமல் கிடக்கும்போது பயிற்சியாளர் எதற்கு வீசிப் பார்க்க வேண்டும்? வீசினால் மூன்று விளைவு உண்டு (நம் ஆள் பிடிப்பார், யாரும் பிடிக்கமாட்டார், எதிரணி பிடிக்கும்), அதில் இரண்டு கெட்டது என்பது இந்த ஆட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழமொழி. பந்தை ஓட்டு, நேரத்தைக் கரை, தேவைப்பட்டால் உதைத்துக் கொடுத்துவிட்டுத் தற்காப்பை நம்பு. மூன்று உதைப் புள்ளிகள், ஒரு டச்டவுன், 16. கிரிக்கெட்டில் 120 ரன் இலக்கை 18-ஆவது ஓவரில் நிதானமாகத் தொட்ட அணியிடம் 'ஏன் சிக்ஸர் அடிக்கவில்லை' என்று யாரும் கேட்பதில்லை. புள்ளி வித்தியாசத்தைக் கண்ணுக்கு அழகாகக் காட்டவேண்டும் என்று நீங்கள் மறைமுகமாகக் கேட்டால், அடுத்த முறை ஒரு பயிற்சியாளர் வென்றுகொண்டிருக்கும் ஆட்டத்தில் காயத்துக்குத் துணிந்து கடைசி நிமிடம் வரை வீசச் சொல்வார். அது யாருக்கும் நல்லதில்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. அரையிறுதி ஜனவரி 1-ஆம் தேதி. தேர்வு நடந்தது டிசம்பர் 3. நடுவே 29 நாள். மூளை அதிர்ச்சியிலிருந்து திரும்பும் படிகள் எல்லாப் பயிற்சிக்கூடத்திலும் சுவரில் ஒட்டியிருக்கும்: அறிகுறி கூடாத அளவுக்கு அன்றாட வேலை, பிறகு இலகுவான உடற்பயிற்சி, பிறகு ஆட்டத்துக்கான அசைவுகள், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்தபின் முழுப் பயிற்சி, கடைசியாக ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள், அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரம், சிலருக்கு அதற்கு மேல். ரோடமேக்கர் ஜனவரிக்குள் தயாராகியிருப்பதற்கான வாய்ப்பே அதிகம். அவர் தயாராகாவிட்டாலும் கிளெனுக்கு ஒரு வாரத்துக்குப் பதில் நான்கு வாரம் முதல் அணியோடு பயிற்சி கிடைத்திருக்கும். ஆக, ஷார்லட்டில் நீங்கள் பார்த்த அணியும் ஜனவரி 1-இல் இறங்கியிருக்கக்கூடிய அணியும் ஒன்றில்லை. எதிர்காலத்தைக் கணிக்கப் போய், ஒரு மாத இடைவெளியைக் கணக்கில் விட்டுவிட்டீர்கள். ஜோசியம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

அதே வரியை நீங்கள் வேறு ஆண்டுகளில் எப்படிப் படித்தீர்கள் என்பதையும் பார்த்துவிடலாம்.

2014, பிளேஆஃபின் முதல் ஆண்டு. ஒஹையோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் ஜே.டி. பாரெட் மிச்சிகன் ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து வெளியேறினார். அவரே சீசன் தொடங்கும் முன் காயம்பட்ட பிராக்ஸ்டன் மில்லருக்கு மாற்றாக வந்தவர். மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸ் இறங்கி விஸ்கான்சினை 59-0 என்று அடித்தார். ஐந்தாம் இடத்திலிருந்த அணியை நான்காம் இடத்துக்கு ஏற்றினீர்கள், மூன்றாம் இடத்திலிருந்த டிசியூ (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) தன் கடைசி ஆட்டத்தை 55-3 என்று வென்றும் ஆறாம் இடத்துக்கு இறங்கியது. அந்த ஒஹையோ ஸ்டேட் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று வென்று பட்டமும் வாங்கியது. மூன்றாவது குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு பட்டம் வெல்லலாம் என்பதற்கு உங்கள் வரலாற்றின் முதல் பக்கமே சாட்சி.

2024. ஜார்ஜியாவின் கார்சன் பெக் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் முழங்கை காயத்தோடு வெளியேறினார். மாற்று ஆட்டக்காரர் கன்னர் ஸ்டாக்டன் இறங்க, அணி கூடுதல் நேரத்தில் டெக்சஸை 22-19 என்று வென்றது. மறுநாள் ஜார்ஜியா ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு ஏறியது. பெக்கின் காயம் எவ்வளவு என்று அன்று முழுதாகத் தெளிவாகவில்லை என்று சொல்வீர்கள், அதுவும் உண்மை. ஆனால் தெளிவாகாத காயத்துக்குத் தண்டனை இல்லை, தெளிவான காயத்துக்குத் தண்டனை என்றால், அணிகள் என்ன கற்றுக்கொள்ளும்? காயத்தை மூடி மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும். டிராவிஸுக்கு நடந்தது நேரலையில் நடந்தது, மறைக்க வழியே இல்லை. அவரே பிறகு, கால் இன்னும் முன்னதாகவே முறிந்திருக்கக் கூடாதா, இந்த அணி என்னை மட்டும் நம்பியதில்லை என்று நீங்கள் பார்த்திருப்பீர்களே என்ற பொருளில் எழுதினார். ஒரு மாணவர் தன் கால் சீக்கிரம் உடையவில்லையே என்று வருந்தும் நிலைக்கு ஒரு விதி கொண்டுபோய் விட்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஆரஞ்சு பவுலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பிளேஆஃபுக்கு வெளியே நின்ற ஃபுளோரிடா ஸ்டேட்டுக்குக் கிடைத்த ஆட்டம் அது. டிசம்பர் 30, ஜார்ஜியா 63, ஃபுளோரிடா ஸ்டேட் 3. 'பார்த்தீர்களா, குழு சொன்னது சரி' என்பார்கள். அந்த ஆட்டத்தில் இறங்கியது யார் என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். தேர்வுக்கு மறுநாளே, டிசம்பர் 4-இல், அணி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறந்தது. பட்டம் கைநழுவிய பின் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) வாய்ப்புள்ளவர்கள் காயத்துக்குப் பயந்து விலகினார்கள், வேறு பலர் புது அணி தேடினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இல்லை. கீயான் கோல்மன், ஜானி வில்சன், டிரே பென்சன், ஜாரெட் வெர்ஸ் யாரும் இல்லை. ரோடமேக்கரும் இல்லை. நீங்கள் எடுத்த முடிவின் விளைவை, அந்த முடிவுக்கே ஆதாரமாகக் காட்ட முடியாது. அதேபோல அலபாமா அரையிறுதியான ரோஸ் பவுலில் மிச்சிகனோடு கூடுதல் நேரம் வரை போராடி 27-20 என்று தோற்றதும் எதையும் நிரூபிக்கவில்லை. டிசம்பர் 3-இல் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் டிசம்பர் 3-இன் முடிவை எடைபோட வேண்டும்.

வாக்கு எண்ணும் விதத்துக்கு வருவோம். பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் ஆத்திரம் கொஞ்சம் குறையும், சந்தேகம் கொஞ்சம் கூடும்.

முதலில் ஒவ்வொருவரும் சிறந்தவை என்று நினைக்கும் அணிகளை வரிசை இல்லாமல் எழுதுகிறீர்கள். மூன்று பேராவது எழுதிய அணி பரிசீலனையில் நிற்கும். பிறகு ஒவ்வொருவரும் ஆறு பெயர் தருகிறீர்கள். அதிக வாக்கு பெற்ற ஆறும் ஒரு சுற்றுக்கு வரும். அந்த ஆறை 1 முதல் 6 வரை வரிசைப்படுத்தி, எண்களைக் கூட்டி, குறைந்த கூட்டுத்தொகை உள்ள மூன்று அணிகள் முதல் மூன்று இடம் பெறும். மிஞ்சிய மூன்றோடு புதிதாக மூன்று சேர்த்து அடுத்த சுற்று. இப்படி 25 வரை. சொந்தப் பல்கலைக்கழகம் விவாதத்துக்கு வந்தால் அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். உண்மையில் இது நல்ல முறை. ஒருவர் வெறுப்பில் ஒரு அணியைக் கீழே தள்ளினாலும் பெரிதாகக் கெடாது.

எங்கே கெடுகிறது என்றால், கூட்டுத்தொகையை நீங்கள் வெளியில் சொல்வதே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் எங்கள் உதாரணம்தான். இரண்டாம் சுற்றில் நான்காம் இடத்துக்கு அலபாமாவும் ஃபுளோரிடா ஸ்டேட்டும் மோதுகின்றன, 13 பேரும் வாக்களிக்கிறார்கள் என்று வையுங்கள். 7 பேர் அலபாமாவை 1 என்றும் ஃபுளோரிடா ஸ்டேட்டை 2 என்றும் எழுதுகிறார்கள், 6 பேர் தலைகீழாக. அலபாமாவுக்கு 7-உம் 12-உம் சேர்ந்து 19. ஃபுளோரிடா ஸ்டேட்டுக்கு 14-உம் 6-உம் சேர்ந்து 20. ஒரே ஒரு புள்ளி. இன்னொரு விதமாக 12 பேர் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்றால் 14-க்கு 25. முதல் கணக்கில் அறை இரண்டாகப் பிளந்திருக்கிறது, இரண்டாவதில் கிட்டத்தட்ட ஒருமனது. தொலைக்காட்சியில் வந்தது என்னவோ நான்கு, ஐந்து என்ற இரண்டு இலக்கம் மட்டும். அதே நாளில் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்களின் பட்டியலில் ஃபுளோரிடா ஸ்டேட் நான்கு, அலபாமா ஐந்து. அவர்கள் புள்ளிகளையும் போடுகிறார்கள், யார் யாருக்கு எப்படி வாக்களித்தார் என்பதையும் போடுகிறார்கள். பணம் எதுவும் கைமாறாத பட்டியலுக்கே அத்தனை கணக்கு. உங்கள் நான்காம் இடத்துக்கு அந்த ஆண்டு கான்ஃபரன்ஸுக்குப் போகும் தொகை 60 லட்சம் டாலர்.

உறுப்பினர் பெயரை வெளியிடச் சொல்லவில்லை. வீட்டுக்கு மிரட்டல் கடிதம் வரும் என்ற பயம் நியாயமானது. ஒவ்வொரு சுற்றின் கூட்டுத்தொகையும், எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற எண்ணும், ஒரே பக்கத்தில், இறுதித் தேர்வு நாளன்று. அவ்வளவுதான். கணக்கு ஏற்கெனவே உங்கள் திரையில் இருக்கிறது, அச்சிடும் செலவு கூட இல்லை.

காயம் பற்றிய வரிக்கு மாற்றாக எங்கள் யோசனை இது. முக்கிய ஆட்டக்காரர் இல்லாமல் அணி தோற்ற ஆட்டத்தையோ, தடுமாறிய ஆட்டத்தையோ எடைபோடும்போது அவர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம். அவர் திரும்பி வந்துவிட்டார் என்றால் அது அணிக்குச் சாதகமாகப் போகட்டும். வென்ற ஆட்டத்திலிருந்து எதையும் கழிக்கக் கூடாது. இனி ஆடப்போகும் ஆட்டத்தைப் பற்றிய ஊகம் எந்த வாக்கிலும் கூடாது. இது ஒருதலைப்பட்சம் என்று சொல்வார்கள். ஆமாம், ஆடி முடித்த ஆட்டத்தின் பக்கம் சாய்கிறது. சாயவேண்டிய பக்கமும் அதுதான்.

பின்பாதியை நீக்கவே மாட்டோம் என்றால் குறைந்தது ஒரே தராசு வையுங்கள். பிக் டென், எஸ்இசி, ஏசிசி ஆகிய கான்ஃபரன்ஸ்கள் முறையே 2023, 2024, 2025 முதல் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்ற அறிக்கையை ஆட்டத்துக்கு முன் வெளியிடச் சொல்கின்றன. 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் ஆடும் ஏசிசியில் அது கிடையாது. அதாவது அன்று நீங்கள் பயன்படுத்திய தகவல் தொலைக்காட்சியிலும் பயிற்சியாளர் வாயிலும் வந்தது. இனி அந்த அதிகாரபூர்வ அறிக்கையில் இருப்பதை மட்டும், எல்லா அணிக்கும் ஒரே மாதிரி எடுங்கள். எந்த அணியின் இடம் இந்த வரியால் மாறியது என்பதை, ஏறினாலும் இறங்கினாலும், எழுத்தில் ஒரு வரியாகச் சொல்லுங்கள்.

இப்போது பிளேஆஃபில் 12 அணி ஆகிவிட்டதே, இனி என்ன பிரச்சினை என்று கேட்கலாம். கோடு அழியவில்லை, பெருகியிருக்கிறது. 2025 முதல் உங்கள் தரவரிசைதான் அப்படியே பிளேஆஃபில் அணிகளின் வரிசை எண்ணாக ஆகிறது. முதல் நான்கு அணிக்கு முதல் சுற்று ஓய்வு, ஐந்தாவதுக்குக் கிடையாது. அதே நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் மறுபடி நிற்கிறோம். ஐந்து முதல் எட்டு வரை சொந்த வளாகத்தில் ஆடலாம், ஒன்பதாவது அணி டிசம்பர் குளிரில் அடுத்தவர் மைதானத்துக்குப் பெட்டி கட்ட வேண்டும். 2024-இல் முதல் சுற்றை நடத்திய நான்கு பேருமே வென்றார்கள். ஓய்வில் இருந்த நான்கு பேரும் காலிறுதியில் தோற்றார்கள் என்பது வேறு கதை, அந்த ஓய்வு நன்மையா தீமையா என்று சொல்ல ஒரு ஆண்டு போதாது. பன்னிரண்டு அணிக்குள் நுழையும் வெளிக்கோட்டில் கான்ஃபரன்ஸ் பட்டம் வெல்லாத அணிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும், அங்கே ஒரு குவார்ட்டர்பேக்கின் கணுக்கால் யாரை வேண்டுமானாலும் தள்ளிவிடும்.

வாராந்திரச் செவ்வாய்க்கிழமைப் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. நவம்பர் 28-இல் நான்கு என்று சொல்லி, அந்த அணி வென்ற பிறகு ஐந்து என்று சொன்னதால்தான் கோபம் இத்தனை பெரிதானது. ஒவ்வொரு வாரமும் வெள்ளைத்தாளில் புதிதாகத் தொடங்குகிறோம் என்கிறீர்கள். அப்படியானால் கடைசி ஆட்டங்களுக்கு முந்தைய வாரப் பட்டியல் எதற்கு? தொலைக்காட்சிக்கு ஒரு மணி நேரம் நிரம்பும், வேறு பயன் தெரியவில்லை. அந்த ஒரு வாரத்தை மட்டும் விட்டுவிடலாம்.

2025-இல் எதிரணிகளின் தரத்தை அளக்கும் முறையைத் திருத்தி, வெற்றி தோல்வியின் எடையைக் காட்டும் புதிய அளவீடு ஒன்றையும் சேர்த்தீர்கள். யார் யாரை வென்றார் என்பதற்கு மதிப்புக் கூட்டும் அந்தத் திருத்தம் நல்லது. ஆனால் அதே புத்தகத்தில் காயத்தை வைத்து ஊகம் செய்யும் வரியும் இருந்தால், ஒரு கையால் கூட்டியதை மறு கையால் கழிக்க வழி திறந்தே கிடக்கும். விதிமுறையை ஆண்டுதோறும் பார்வையிடுகிறீர்கள். அடுத்த சீசனின் முதல் பட்டியல் வெளிவருவதற்கு முன் இந்த ஒரு பாதி வாக்கியத்தையும், கூட்டுத்தொகைப் பக்கத்தையும் உங்கள் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி ஃபுட்பாலைத் தொடர்ந்து பார்க்கும் தமிழ் ரசிகர்கள் சிலர்